மாற்று ஆள் வராத பாறை

நாவல் குளத்தங்கரையில் அன்று காலை ஒரே கூச்சல்.

"வீரணன் அண்ணன் வர்றாராம்!" என்று முயல் பூரணி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது. "கணவாயை விட்டுக் கிளம்பியாச்சாம். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுவாராம்!"

வீரணன் ஒரு காட்டுப்பன்றி. கோடை வந்தால் போதும், செந்நாய்க் கூட்டம் மலைக்கணவாய் வழியாகக் காட்டுக்குள் புகப் பார்க்கும். அங்கே ஒரு பன்றிப் படை நின்று அவற்றைத் தடுக்கும். அந்தப் படையில் வீரணன் நெடுங்காலம் இருந்தது. போன கோடையில் நடந்த சண்டையில் அதன் கோரைப்பல் ஒன்று உடைந்தது. பின்னங்கால் ஒன்று நொண்டியானது. "போதும் வீரணா, குளத்தங்கரைக்குப் போய் நிம்மதியா இரு" என்று படை அதை அனுப்பிவைத்தது.

குளத்தங்கரையில் இருந்தவை குட்டி போட்டு, வயிறு நிறையத் தின்று, பகலிலேயே கொட்டாவி விட்டு வாழ்ந்ததெல்லாம் அந்தப் பன்றிகளால்தான். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"நன்றி சொல்லணும்! பெரிசா சொல்லணும்!" என்றது மயில் சபாபதி. சபாபதி எந்தக் காரியத்துக்கும் தலைமை தாங்கும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தோகையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றுவிடும். பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"நான் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்றேன்" என்றது முள்ளம்பன்றி.

"நீ வேண்டாம்!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தின.

பூரணி மெல்லக் கேட்டது. "அவருக்கு என்ன வேணும்னு அவரையே கேட்டுட்டா என்ன?"

"கேட்டுச் செய்யறது ஒரு மரியாதையா?" சபாபதி கழுத்தை நிமிர்த்தியது. "உயர்ந்தவருக்கு உயர்ந்த இடம்! மொட்டைப்பாறையில உக்கார வைப்போம். இனிமே அது அவர் இடம். வேற யாரும் அதுல கால் வைக்கக் கூடாது!"

"ஆகா!" என்று எல்லாம் தலையாட்டின. மொட்டைப்பாறை குளத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நல்ல உயரம். ஒரு புல் கூட முளைக்காது. நிழல் என்ற பேச்சே கிடையாது. அங்கே போய் உட்கார அநேகமாக எந்த மிருகமும் ஆசைப்பட்டதில்லை. அதைத் தானம் கொடுக்க யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாததில் ஆச்சரியம் என்ன?

வீரணன் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. யாரையும் பார்க்கவில்லை. அதன் கண் குளத்தின் ஓரத்துச் சேற்றில் இருந்தது. கணவாயில் வெறும் கல்தான். சேற்றில் புரள வேண்டும் என்று எத்தனையோ வெயில்களில் அது கனவு கண்டிருந்தது. பன்றிக்கு வியர்க்காது. சேறுதான் அதற்கு நிழல், மருந்து, மெத்தை எல்லாம். மூக்கை நீட்டிக்கொண்டு நேராகச் சேற்றை நோக்கி நடந்தது.

"அண்ணே! அண்ணே! அங்க இல்லை!" சபாபதி குறுக்கே பாய்ந்தது. "உங்க இடம் மேலே!"

"மேலேயா?" வீரணன் பாறையைப் பார்த்தது. "அங்க எனக்கு என்ன வேலை?"

"வேலையா! நீங்க அங்க இருந்தா அதுவே போதும். அதைத்தான் இந்தக் காடே உங்ககிட்ட கேக்குது!"

வீரணனுக்கு இது புரிந்த மாதிரி இருந்தது. பாறை உயரமானது. மேலே நின்றால் கணவாய் நன்றாகத் தெரியும். காவலுக்கு ஏற்ற இடந்தான். ஆனால் இப்போதுதானே அனுப்பிவைத்தார்கள்? வந்ததும் வராததுமாக மறுபடியும் காவலா? சேற்றை ஒரு முறை பார்த்தது. பெருமூச்சு விட்டது.

"சரி. எது வரைக்கும் நிக்கணும்?"

"எப்பவும்!" என்றது சபாபதி.

"எப்பவுமா? அப்ப மாத்து ஆள்?"

அதற்குள் மரங்கொத்திகள் மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டன. கேள்வி யார் காதிலும் விழவில்லை. பதில் சொல்லவும் யாரும் இல்லை.

கணவாயில் ஒரு சட்டம் உண்டு. காவலில் நிற்பவன் தானாக இடத்தை விட்டு இறங்கக் கூடாது. மாற்று ஆள் வரவேண்டும். வந்தவன், "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்று வாயால் சொல்லவேண்டும். அது வரைக்கும் பசித்தாலும் நிற்கவேண்டும். தாகம் எடுத்தாலும் நிற்கவேண்டும். அங்கே எல்லாருக்கும் இது ரத்தத்தில் ஊறிய விஷயம். குளத்தங்கரையில் ஒருவருக்கும் இது தெரியாது. காவல் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்குக் காவலை மாற்றுவது மட்டும் எப்படித் தெரியும்?

வீரணன் பாறை மேல் ஏறியது. குரங்குகள் காட்டுமல்லி மாலை போட்டன. காலையிலிருந்து பட்டினியாக நடந்து வந்த வீரணன் மாலையைத் தின்றுவிட்டது. பன்றிக்கு மாலை என்றால் அது ஒரு கீரைக்கட்டு, வேறென்ன?

கூட்டம் திகைத்தது. "மாலையைத் திங்கலாமா?" என்று ஒரு மான் கிசுகிசுத்தது.

"பட்டாளத்து வழக்கம்!" என்று சபாபதி அடித்துச் சொன்னது. உடனே எல்லாம் கை தட்டின.

சபாபதி பேசியது. குரங்குகள் பேசின. மறுபடியும் சபாபதி பேசியது. பிறகு எல்லாம் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மர நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. வீரணன் பாறை மேல் நின்றது.

மறுநாள் முதல், குளத்துக்கு வருகிற ஒவ்வொரு மிருகமும் பாறையை அண்ணாந்து பார்த்தது. "வணக்கம் அண்ணே!" என்றது.

வீரணன் ஒவ்வொருவரையும் ஆவலாகக் கேட்டது. "மாத்து ஆள் எப்ப வரும்?"

மான்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சபாபதியிடம் போய்க் கேட்டன. சபாபதிக்கும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை. "அது பட்டாளத்து வணக்கம். 'வரும் வரும்' னு பதில் சொல்லணும்" என்றது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

"மாத்து ஆள் எப்ப வரும்?" என்று வீரணன் கேட்கும்.

"வரும் வரும்!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடும் மான் கூட்டம்.

குட்டிக் குரங்குகள் கூட மரத்துக்கு மரம் தாவும்போது, "மாத்து ஆள் எப்ப வரும்?" "வரும் வரும்!" என்று கூவிக்கொண்டன. கேட்கவே பெருமையாக இருந்ததாம் அவர்களுக்கு! எனக்குக் கோபந்தான் வருகிறது.

பூரணி மட்டும் நல்ல கிழங்காகப் பார்த்துத் தோண்டி எடுத்துவந்தது. செங்குத்துப் பாறையில் முயலால் ஏற முடியாது. வீரணன் ஏறிய பின்பக்கச் சரிவு சபாபதியின் தோகை மறைத்ததில் அதற்குத் தெரியாமல் போயிருந்தது. கிழங்கைப் பாறையின் அடியில் வைத்தது. "அண்ணே, சாப்பிடுங்க!" என்று கத்திவிட்டுக் குட்டிகளைப் பார்க்க ஓடியது.

மறுநாள் வந்து பார்த்தால் கிழங்கு அப்படியே கிடந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் புதுக் கிழங்கு வைத்தது. அதுவும் எறும்புக்கே போயிற்று.

"நான் வச்சதைத் தொடக்கூட இல்லையே. என்ன தப்புப் பண்ணினேன்?" என்று பூரணி குழம்பியது.

"மேலே ஏறினதும் தலைக்கனம் வந்துடுச்சு!" என்றது ஒரு குரங்கு. "அன்னிக்கே மாலையைத் தின்னவராச்சே!" என்றது இன்னொன்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிழங்கைத் தொடாத பன்றியைப் பற்றிக் குளத்தங்கரை முழுக்கப் பேசியது. மேலே போய் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

மேலே வீரணனும் குழம்பிப்போய்த்தான் நின்றது.

கீழே கிழங்கின் வாசனை வருகிறது. இறங்கினால் எடுக்கலாம். காவலை விட்டு எப்படி இறங்குவது? பாறைக் குழியில் பழைய மழைத் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக் குடித்தது. குழி நாளுக்கு நாள் வற்றியது. முதுகுத் தோல் வெயிலில் வெடித்தது. குளமோ கண் முன்னால் பளபளத்தது. சேற்றில் எருமைகள் புரண்டன.

'இது என்ன காவல்? யாரை எதிர்த்து நிற்கிறேன்? எல்லாரும் சிரிக்கிறார்கள், வணக்கம் வைக்கிறார்கள், மாற்று ஆளை மட்டும் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்!'

யோசித்து யோசித்து அதற்கு ஒன்று தோன்றியது. கணவாயில் தப்புச் செய்தவனை வெயிலில் நிறுத்துவார்கள். மாற்று ஆள் சீக்கிரம் வராது. அதுதான் தண்டனை.

'அப்படியானால் நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன். மாலை போட்டார்களே? வெட்டப்போகிற கிடாவுக்கும்தான் மாலை போடுகிறார்கள்!'

என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. நொண்டிக் காலை மாற்றி வைத்துக்கொண்டு தன் பழைய நாள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. ஒருமுறை பக்கத்தில் நின்றவன் விழுந்தபோது கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதுவாக இருக்குமோ? வீரணன் தலையைக் குனிந்துகொண்டது.

ஒரு நாள் குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீரணனின் நாக்கு வெளியே தொங்கியது. கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அந்த நேரத்தில் பின்பக்கச் சரிவில் சரசரவென்று ஓசை.

"யார் அது? நில்!" என்றது வீரணன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

வந்தது உடும்பு சொக்கன். காட்டிலேயே முழுச் சோம்பேறி. வெயில் காயச் சூடான பாறை தேடி அலைவதுதான் அதற்குத் தொழில். மொட்டைப்பாறைக்கு அது நெடுநாள் வாடிக்கை. விழா வந்து அதன் பிழைப்பைக் கெடுத்திருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தது.

"நான்தாண்ணே, சொக்கன்."

"மாத்து ஆளா?"

"வரும் வரும்" என்றது சொக்கன், எல்லாரையும் போல.

வீரணனின் முன்னங்கால்கள் மடங்கின. விழப்போன உடம்பை இழுத்து நிறுத்திக்கொண்டது. அதைப் பார்த்ததும் சொக்கனுக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் பாறையின் மேல் ஆசை. 'ஆமாம் என்று சொன்னால் இந்த மனுஷன் இறங்கிப் போய்விடுவார் போலிருக்கிறதே?' என்று நினைத்தது. பன்றியை மனுஷன் என்று நினைத்ததும் அந்த அவசரத்தில்தான்.

"ஆமாண்ணே. நான்தான் மாத்து ஆள்."

வீரணன் அதை உற்றுப் பார்த்தது. "அப்ப சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"புது ஆளா? 'நான் பார்த்துக்கிறேன், நீ போ' னு சொல்லணும்."

"நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்கண்ணே!"

வீரணனின் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் வழிந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத உடம்பில் அழ மட்டும் எங்கிருந்து வந்ததோ! ஆனாலும் அது உடனே போகவில்லை. காவலை ஒப்படைக்காமல் போகிற வழக்கம் இல்லை.

"அதோ பாரு, அதுதான் கணவாய். அங்க புழுதி கிளம்பினா கத்து. காத்து அந்தப் பக்கம் இருந்து அடிச்சா மோந்து பாரு. கண்ணை மூடாதே. ஒரு தடவை எங்க ஆள் ஒருத்தன் தண்ணி குடிக்க இறங்கினான். ஒரே நிமிஷம். செந்நாய் உள்ளே போயிடுச்சு. ஒரு மான் குடும்பமே போச்சு. ஞாபகம் வச்சுக்க."

சொல்லிவிட்டு அது சரிவில் இறங்கியது. பாதி நடந்தது, மீதி உருண்டது. நேராகக் குளத்துக்குப் போய் மூக்கை அமிழ்த்திக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சேற்றில் அப்படியே சாய்ந்தது. எருமைகள் அலறி ஒதுங்கின.

அந்தச் சத்தத்தில் எல்லாம் ஓடிவந்தன. சபாபதி பாறையைப் பார்த்தது. அங்கே உடும்பு! சேற்றைப் பார்த்தது. அங்கே விழா நாயகர்!

"அடேய் சொக்கா! யார் இடத்துல யார்டா ஏறுறது? இறங்குடா!" என்று கத்தியது. பிறகு சேற்றின் பக்கம் திரும்பிக் குழைந்தது. "அண்ணே, எழுந்திருங்க. இதென்ன கோலம்? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? வாங்க, மேலே போயிடலாம்."

வீரணன் மெல்ல எழுந்தது. உடம்பெல்லாம் சேறு சொட்டியது.

"திரும்பவும் மேலேயா? என் முறை முடிஞ்சிடுச்சே. மாத்து ஆள் வந்தாச்சு."

"முறையா? என்ன முறை?" சபாபதி விழித்தது.

"காவல் முறை." வீரணன் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. "போறேன். போகச் சொன்னா போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்? அது தெரிஞ்சா தண்டனையை முழுசா நின்னுடுவேன்."

சபாபதியின் தோகை தானாக மடங்கிக் கீழே இறங்கியது. அப்போதுதான் பின்னால் நின்றவர்களுக்கும் வீரணனின் முதுகு தெரிந்தது. தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"தண்டனையா!" பூரணி அழுதேவிட்டது. "ஐயோ அண்ணே, அது நன்றி! உங்களுக்கு நாங்க சொன்ன நன்றி!"

"நன்றியா?" வீரணனுக்கு இப்போது முன்னைவிடக் குழப்பமாக இருந்தது. "நன்றின்னா மாத்து ஆளை அனுப்புவாங்களே. கணவாயில அப்படித்தான். வேற நன்றி எனக்குத் தெரியாதேம்மா."

அந்த நேரம் பாறை மேலிருந்து ஓர் அலறல்.

"யாராவது வாங்கப்பா! பாறை சுடுது!"

சொக்கன்தான். சூடான பாறைக்காகவே உயிர் வாழ்கிற சொக்கன்!

"சுட்டா இறங்கி வாயேன்டா!" என்றது சபாபதி. "இறங்கத்தானே சொன்னேன்?"

"எப்படி இறங்கறது? 'நான் பார்த்துக்கிறேன்' னு வாயால சொல்லித் தொலைச்சுட்டேனே! கண்ணை மூடினா அந்த மான் குடும்பம் வந்து நிக்குது. கணவாயில ஒரு இலை அசைஞ்சாலும் பகீருங்குது. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதையா ஆச்சே!" ஓணானுக்குச் சொந்தக்காரனே இதைச் சொன்னது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மான் குரங்கைப் பார்த்தது. குரங்கு எருமையைப் பார்த்தது. எருமை தண்ணீரைப் பார்த்தது. மாலை போட முந்திக்கொண்டு வந்த கூட்டம் அது.

"கணவாயில இப்ப யார் நிக்கறாங்க அண்ணே?" என்று பூரணி கேட்டது.

"சின்னப் பசங்க. கொஞ்சம் பேர்தான். மாத்து ஆள் பத்தலை. நின்னவனே திரும்ப நிக்கறான்."

"என்னால செந்நாயோட சண்டை போட முடியாது. ஆனா பார்க்க முடியும். இங்கேருந்து நாங்க பார்த்துச் சத்தம் கொடுத்தா, அவங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

வீரணன் யோசித்தது. "உக்காரலாம். தூங்கக்கூடச் செய்யலாம்."

பூரணி அதற்கு மேல் நிற்கவில்லை. சொக்கன் ஏறின சரிவைத் தேடிக் கண்டுபிடித்துத் தாவித் தாவி ஏறியது. "நான் பார்த்துக்கிறேன், நீ போ!" என்றது. சொக்கன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ஓடியது. சூடான பாறை பிடிக்காமல் போனது அதற்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனாலும் சாயங்காலம் யாரும் கேட்காமலே மறுபடியும் ஏறி வந்து நின்றது. அது எனக்கே ஆச்சரியம்.

அடுத்து மான் ஏறியது. அதற்கடுத்து முள்ளம்பன்றி. உச்சி வெயில் முறை சபாபதிக்கு வந்தது. தோகையை விரித்தால் கணவாய் மறைந்தது. அதனால் மடக்கிக்கொண்டே நின்றது. மயிலின் அகவல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். பேசிப் பேசி வீணான அந்தக் குரலுக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது. "பாறையில ஆள் இருக்கு! நீங்க உக்காருங்க!" என்று அது கணவாய்க்குக் குரல் கொடுத்தது. அங்கே ஓர் இளம் பன்றி திகைத்துப்போய், நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தது.

குளத்தோரம் எருமைகள் நகர்ந்து இடம் விட்டன. பூரணி கொண்டுவந்த கிழங்கை வீரணன் வாசனை பார்த்து, ஆசையாகக் கடித்துத் தின்றது. அப்புறம் பாறையை ஒரு முறை பார்த்தது. ஆள் இருந்தது. கணவாயைப் பார்த்தது. புழுதி இல்லை. சேற்றில் கழுத்து வரை அமிழ்ந்து, இத்தனை காலத்துக்குப் பிறகு இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடியது. குறட்டைச் சத்தம் குளம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் எழுப்பவில்லை.

நமக்காகக் காவல் நின்றவரை மேடையில் ஏற்றி மாலை போடுவது நன்றி ஆகாது. அவர் சுமந்த காவலில் ஒரு முறையை நாம் ஏற்றுக்கொண்டு அவரைத் தூங்கவிடுவதே நன்றி.